தங்கையன் வீட்டு வாள்தட்டு

அன்று தங்கையன் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் தங்கையன். அவர் மகள் ஜாஸ்மி. அடுத்த விளைத் தோட்டத்தில் குடியிருக்கும் அவருடைய தங்கை ஜெயபாய். களியக்காவிளையில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அல்போன்ஸ். ஊர் வாசகசாலையின் செயலாளர் வைகுண்டராஜன். ஆறாவதாக ஒருவர் அங்கே இருந்ததில்லை. தானும் இருந்ததாகச் சொல்பவரிடம், எந்த நாற்காலியில் இருந்தார் என்று கேட்டால் போதும்.

வாசகசாலைக்குப் பொன்விழா. மலாயாவுக்குப் போய் வந்த குடும்பங்களிடம் பழைய பொருட்களை வாங்கிக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. இது அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை. மண்டபத்தின் நடுக் கண்ணாடிப் பெட்டி, தங்கையனின் அப்பா யோவேல் கொண்டுவந்த ஜப்பான் வாள்தட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது.

வாள்தட்டு என்பது வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் வட்ட இரும்பு. பிடித்த கை அலகின்மேல் வழுக்கிவிடாமல் காப்பது. உள்ளங்கைக்குள் அடங்கும். நடுவில் அலகு நுழைய ஒரு துளை. யோவேலின் தட்டில் ஓர் அலையும் இரண்டு நாரைகளும் இருந்தன.

யோவேல் மலாயாவில் ஒரு ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்தார். போர் முடிந்து ஜப்பான்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைத்த நாளில், குளிர்காய்ச்சலில் அவர் பிழைக்கவைத்த ஓர் அதிகாரி, வாளைக் கொடுக்குமுன் தட்டை மட்டும் கழற்றி அவர் கையில் வைத்தானாம். வீட்டில் சொல்லிவந்தது இதுதான். யோவேல் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ சொன்னார் என்று அந்த ஊரில் எவரும் சொன்னதில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைகள் இரண்டு என்றானபின், வீட்டில் ஒற்றைப் பொருள் எதையும் அவர் வைத்திருந்ததில்லை. உருளி வாங்கினால் இரண்டு, கட்டில் செய்தால் இரண்டு. ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்றைச் செய்விப்பார். மலாயாவிலிருந்து வந்த தேக்கு நாற்காலிக்கு, ஆசாரியை வரவழைத்து, கால் சிதைந்திருந்த இடம்வரை அப்படியே இன்னொன்று செய்யவைத்தார். இரண்டில் ஒன்று ஜெயபாய் வீட்டுக்குப் போயிற்று. மற்றதில்தான் அன்று தங்கையன் உட்கார்ந்திருந்தார், முதுகு சாய்மானத்தில் படாமல்.

தங்கையன் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜப்பானில் கோபேயிலும் யோகோஹாமாவிலும் கப்பல் நின்றபோதெல்லாம் பழங்கடைகளில் ஏறி இறங்கிச் சேர்த்த வாள்தட்டுகள் அவர் அலமாரி நிறைய இருந்தன. போலி அவர் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர். அவருடைய முறை எளிது. அப்பாவின் தட்டை எப்போதும் உடன் கொண்டுபோவார். கடைக்காரன் காட்டுவதை அதன் பக்கத்தில் வைப்பார். அதைப்போல இருந்தால் அசல். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுவார்.

அந்த முறைப்படிதான் போன வாரம் கண்காட்சிக் கமிட்டியில், அல்போன்ஸ் கொடுத்திருந்த வாள்தட்டைப் போலி என்று சொல்லி ஒதுக்கினார். அதைக் கேட்கத்தான் அல்போன்ஸ் வந்திருந்தார்.

"சாரே, சண்டைக்கு வரல்ல. எனக்க மாமனாருக்க அப்பாவும் மலாயாவிலதான் கெடந்தாரு. அவரு கொண்டுவந்த தட்டைக் கள்ளம்னு நாலுபேருக்க முன்னால சொன்னிய. எனக்க பெண்டாட்டி சோறு தரமாட்டங்கா. எதனாலன்னு மட்டும் சொல்லுங்க, போயிருவேன்."

"கமிட்டியில சொன்னதுதான். துளைக்க உள்பக்கம் பாரு. உளி போட்ட தடம், அரத்துக்க கீறல். புதுசா அறுத்தது. எனக்க அப்பாக்க தட்டில துளை வழவழன்னு இருக்கும். அத்தற காலம் வாள் கெடந்த துளை அப்பிடித்தான் இருக்கும்."

"அதை ஒண்ணு பாக்கலாமா?"

"கையைக் கழுவிட்டு வா."

அல்போன்ஸ் கழுவிவிட்டு வந்தார். தட்டு மேசைமேல் பட்டுத்துணியில் இருந்தது. விளம்பரப் பலகைக்காக ஜாஸ்மி அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கியவள் நிறுத்தினாள்.

"அப்பா, துளைக்குள்ள இது என்ன கோடு?"

"இரும்பை அடிச்சு மடக்கின மடிப்பு."

"மடிப்புன்னா ஒரு பக்கம்தானே இருக்கும்? இது நடு ஊடே சுத்தி ஓடுகு."

தங்கையன் வாங்கிப் பார்த்தார். அந்தக் கோட்டை அவருக்குத் தெரியும். இளம் வயதிலிருந்தே தெரியும். அப்பாவின் தட்டில் இருப்பதால் அது அசலின் அடையாளம் என்றே நினைத்திருந்தார். கோபேயில் அந்தக் கோடு இருந்த தட்டுகளைத் தேடித்தேடி வாங்கியதும் நினைவுக்கு வந்தது.

"நீ சொல்லு" என்றார் அல்போன்சிடம்.

"நான் சொல்லல்ல சாரே."

"நிக்கியது எனக்க வீட்டில. சொல்லச் சொன்னா சொல்லணும்."

"எனக்க கடையில வார்ப்புப் பொம்மைய கெடக்கு. அதுலயும் இதே கோடு உண்டு. அச்சுக்க ரெண்டு பாதி சேருத எடம்." அல்போன்ஸ் தரையைப் பார்த்துச் சொன்னார். "இது அடிச்ச இரும்பில்ல. ஊத்தினது."

முதலில் பேசியவர் வைகுண்டராஜன்.

"அப்போ நடுப்பெட்டி காலியா அண்ணாச்சி? நோட்டீசு அடிச்சாச்சே."

"நீரு வெளிய போயி ஒரு போன் பண்ணும்" என்றார் தங்கையன். வைகுண்டராஜன் வெளியே போய்ப் படியில் நின்றார்.

தங்கையனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலைமுறை தலைமுறையாக வாள் கட்டிய ஓர் அதிகாரி வார்ப்பு இரும்பையா தன் வாளில் வைத்திருப்பான்? அப்படியானால் அந்த அதிகாரி யார்? அதிகாரியே இல்லையென்றால் அப்பா இதை எங்கே வாங்கினார்? சந்தையிலா? சந்தையில் வாங்கியதற்கு இத்தனை வருடம் எதற்காக அந்தக் கதை? ஒவ்வொரு கேள்வியும் அடுத்த கேள்வியில் போய் முட்டியதே தவிர, ஒன்றும் வாசல் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டிக்குள் இதை வைத்தால் பொய். வைக்காவிட்டால், யோவேல் பொய் சொன்னார் என்று ஊரே பேசும்.

"அப்பா பொய் சொல்லமாட்டாரு" என்றாள் ஜெயபாய். அதுவரை அவள் மூலையில் இருந்து பலாக்கொட்டை தொலித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீ சும்மா இரி."

"சும்மா இருந்துதானே இவ்வளவு காலமும் போச்சு."

அவள் எழுந்து பின்வாசல் வழியாகப் போனாள். திரும்பி வந்தபோது கையில் கறுத்த வட்டம் ஒன்று இருந்தது. முந்தானையால் அதில் ஒட்டியிருந்த அரிசித் தவிட்டைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். ஓர் அலை, இரண்டு நாரைகள்.

"கல்யாணத்துக்கு அப்பா பெட்டிக்குள்ள வச்சுத் தந்தது. அண்ணன்கிட்ட பறையாண்டாம்னு சொன்னாரு. நான் பறையல்ல."

"எங்க வச்சிருந்த?" என்றார் தங்கையன்.

"அரிசிப் பானைக்க மூடிமேல. எலி தள்ளாம இருக்க கனம் வேண்டாமா?"

தங்கையன் தங்கையின் முன்னறைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார். அடுக்களைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அவர் வளர்ந்த முறையில் ஆண்கள் வைப்பதில்லை.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துத் துளைக்குள் பார்த்தார். கோடு இல்லை. உளித்தடம் இருந்தது. அரத்தின் கீறல் இருந்தது. அலகு ஆடாமல் இருக்கச் செருகிய செம்புத்துண்டு ஒன்றும் ஓரத்தில் இருந்தது. நூலில் தொங்கவிட்டு ஸ்பூனால் தட்டினார். நின்று ஒலித்தது. பட்டுத்துணியில் இருந்ததைத் தட்டினார். டக் என்று அடங்கியது. பிறகு அல்போன்சின் தட்டைக் கேட்டு வாங்கித் தட்டினார். அதுவும் நின்று ஒலித்தது.

அதைத் திருப்பிக் கொடுக்கும்போது கையிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடி நழுவியது. உருண்டு அல்போன்சின் கால்மாட்டில் போய்க் கிடந்தது. ஜாஸ்மி எடுக்க வந்தாள். "நிக்கட்டு" என்று சொல்லிவிட்டுத் தங்கையன் தானே குனிந்து எடுத்தார். தன் கையிலிருந்து விழுந்ததை மற்றவர் எடுத்துத் தருவது அவருக்குப் பிடிக்காது. நாற்காலிக்குத் திரும்பி வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அல்போன்சே, உனக்க தட்டு போலின்னு நான் சொன்னது தப்பு. கமிட்டிக்க முன்னால சொன்னதை அங்கயே வந்து திருத்துவேன். அசலான்னு கேட்டா எனக்குத் தெரியாது. அந்த அலமாரியில கெடக்குததுல எது அசல், எது கள்ளம்னும் தெரியாது. மன்னிச்சிரு."

அல்போன்ஸ் எழுந்துவிட்டார். "அய்யோ சாரே, அதெல்லாம் எதுக்கு?"

"இரி. நான் இருந்துதானே பேசியேன்."

பிறகு தங்கையிடம் திரும்பினார். "எது எதுன்னு அறிஞ்சுதான் அப்பா தந்தாரா?"

"அதை அப்பாகிட்டல்லா கேக்கணும்."

விளை முழுவதையும் மகன் பேருக்கு எழுதிய மனிதர், இதை மட்டும் தெரிந்தே மகளுக்குக் கொடுத்தாரா, அல்லது நகல் செய்யவைத்த வார்ப்புப் பட்டறையிலிருந்து இரண்டையும் ஒரே பொட்டலமாக வாங்கிவந்து அவருக்கே அடையாளம் மாறிப்போயிற்றா? தங்கையன் இரண்டு தட்டுகளையும் மாறிமாறிப் பார்த்தார். நாரைகள் நான்கும் ஒரே பக்கம்தான் பறந்துகொண்டிருந்தன.

"கண்காட்சிக்கு எனக்க தட்டைக் கொண்டுபோங்க" என்றாள் ஜெயபாய். "அந்த மற்றதை இங்க தா. பானைமூடி வெறுதே கெடக்கு."

பட்டுத்துணியை விலக்கித் தட்டை அவரே எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பலாக்கொட்டைக் கிண்ணத்துக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பெட்டியில் இரண்டு தட்டுகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றின் கீழே யோவேல் மகள் ஜெயபாய் வீட்டிலிருந்து என்றும், மற்றதன் கீழே அல்போன்ஸ் குடும்பத்திலிருந்து என்றும் ஜாஸ்மி எழுதியிருந்தாள். திறப்புக்கு முன்பே தங்கையன் கமிட்டியைக் கூட்டி, தான் சொன்னதைத் திருத்திவிட்டார்.

ஆனால் கண்காட்சி முடிவதற்குள் இரணியல் முதல் களியக்காவிளை வரை ஒரு பேச்சு பரவிவிட்டது. தங்கையன் அல்போன்சின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார் என்பது அந்தப் பேச்சு. வெளிப்படியில் நின்று சன்னல் வழியாகப் பாதி பார்த்த வைகுண்டராஜனிடமிருந்துதான் அது கிளம்பியது. அது உண்மையல்ல. அவர் குனிந்தது கண்ணாடியை எடுக்க. மன்னிப்பை நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்டார்.