ஒரு வட்டம்கூட இல்லை

"மனுஷி முதுகுடி அது, சைக்கிள் டியூப் இல்ல!"

வகுப்பு எடுக்கும் நர்ஸக்கா இப்படிக் கத்தியது போன மாதம். இன்னும் அது சின்னவளின் காதுக்குள்ளேயே குடியிருந்தது. முதுகில் கீறிக் கப் வைத்துக் கெட்ட ரத்தம் எடுக்கும் ஹிஜாமா வைத்தியம் பழகும் பெண்கள் வகுப்பில் அவளுக்கு மட்டும் கை முரடு என்று பெயர் விழுந்துவிட்டது.

வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. வீட்டில் யாருக்குக் கப் வைத்துப் பழகினாலும், நோட்டில் முதுகின் படம் வரைந்து, கப் வைத்த இடத்தில் வட்டம் போட வேண்டும். மறுநாள் அந்த ஆளைக் கூட்டி வந்து தடத்தைக் காட்ட வேண்டும். அப்படித்தான் போன மாதம் சின்னவள் தன் அக்காவைக் காட்டினாள். நோட்டில் ஐந்து வட்டம். அக்கா முதுகில் எட்டுத் தடம், கன்னங்கரேலென்று. கப் வழுக்கியிருக்கும், காற்றை உறிஞ்சும் பம்பை அதிகமாக இழுத்துவிட்டேன் என்று சின்னவள் தன் தலையிலேயே பழியைப் போட்டுக்கொண்டு அழுதாள். அக்காவின் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், "தங்கச்சிக்காரி தொழில் பழகுறாளாம், என் மருமக முதுகு நாசமாப் போச்சு."

அந்த அக்காதான் இன்று பரீட்சைக்கும் வந்து கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். இன்று தேறாவிட்டால் சின்னவளுக்குச் சான்றிதழ் கிடையாது.

"ஏய், விலாவுல ஒண்ணு வெய்டி. தோள்பட்டைக்குக் கீழயும் ஒண்ணு."

"விலாவுல வைக்கக் கூடாதுக்கா. உனக்கென்ன கப் பைத்தியமா?"

"வெய்யேன். எனக்கு வலிக்காது."

எப்போதும் அக்கா சொல்வது அதுதான். பிளேடு கீறும்போதும், கப்பில் ரத்தம் கட்டி கட்டியாக இறங்கும்போதும், வலிக்காது.

வீட்டில் பழகும்போதெல்லாம், "நானே துடைச்சுட்டேன், நீ கப்பை வெய்" என்று திரை போட்ட இருட்டு அறையில் படுத்துக்கொள்வாள். இங்கே அந்தப் பாச்சா பலிக்கவில்லை. நர்ஸக்கா எதிரில் நின்று, "மூணு தடவை துடைக்கணும். அழுத்தித் துடை" என்றாள்.

சின்னவள் மருந்தில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். வெள்ளைப் பஞ்சு மாநிறமாக மாறியது. முகத்துக்குப் பூசும் பவுண்டேஷன். இன்னொரு பஞ்சு எடுத்தாள். அதுவும் மாநிறம். மூன்றாவது பஞ்சில் முதுகு வெளியே வந்தது.

சிவப்பும் ஊதாவுமாகத் தடம் தடமாக, நேற்றோ முந்தாநாளோ பட்டது. அவள் கடைசியாகக் கப் வைத்து ஒரு மாதம் ஆகிறது. கப் தடத்துக்குள் பிளேடு கீறிய மெல்லிய கோடுகள் இருக்கும். இதில் கோடு இல்லை. கப் தடம் சீரான வட்டம். இதன் ஓரத்தில் வரிசையாக நாலு மேடு. சின்னவள் கையை மூடி அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். அவள் முஷ்டியைவிட ஒரு சுற்றுப் பெரியது.

"மச்சானா?"

அக்கா தலையணைக்குள்ளேயே பேசினாள். "கப்பை வெய்டி. வெச்சா எல்லாம் ஒண்ணாயிடும். யாராவது கேட்டா உன் கைன்னு சொல்லிக்கலாம்."

சின்னவள் பஞ்சைக் கீழே போட்டாள். அவள் அழுத அழுகைக்கெல்லாம் பின்னால் இதுவா இருந்தது!

வாசலில் ஹாரன் விடாமல் அலறியது. அக்கா விருட்டென்று எழுந்து துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "வந்துட்டாரு. விடு, நான் போறேன்."

"நீ போகக் கூடாது."

"தடுக்காதடி. இன்னைக்குப் போகலைன்னா என்னைக் கொன்னுடுவாரு."

அவள் செருப்பைத் தேடுவதற்குள், ஆண்கள் வரக்கூடாது என்று காகிதம் ஒட்டிய கதவை உதைத்துத் திறந்துகொண்டு மச்சான் உள்ளே வந்தான். மற்றக் கட்டில்களில் இருந்த பெண்கள் வீரிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு நேரம்டி? உள்ள குடித்தனம் பண்றியா?"

கூந்தலைப் பிடித்து ஒரே இழுப்பு. அக்காவின் வாய் கட்டில் கம்பியில் மோதிப் பல்லில் ரத்தம் வழிந்தது. சின்னவள் பாய்ந்து அவன் கையைக் கடித்தாள். அவன் விட்ட அறையில் கப்பும் பிளேடும் வைத்திருந்த தள்ளுவண்டியோடு போய் விழுந்தாள். கப்புகள் தரையெல்லாம் உருண்டன. எழுந்தபோது அவள் உதடு கிழிந்திருந்தது. விரல்களுக்கு நடுவே பிளேடு இருந்தது.

"கிட்ட வாங்க மச்சான். முதுகு மட்டும்தான் கீறத் தெரியும்னு நினைக்காதீங்க."

"அதைக் கீழ போடு!" நர்ஸக்கா கத்தினாள். "போட்டுட்டுக் கதவைப் புடி!"

பிரசவ வார்டில் பத்து வருஷம் வேலை பார்த்த கை அது. அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து, முட்டியால் அடிவயிற்றில் ஒன்று கொடுத்தாள். போர்வையோடு எழுந்து வந்த நாலு பெண்கள் சேர்ந்து நெட்டினார்கள். அவன் வாசலுக்கு வெளியே போய் விழுந்தான். சின்னவள் பிளேடை எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனாள். அதற்குள் எழுந்துவிட்டவன் நிலைக்குள் கையைக் கொடுத்துத் தள்ளினான். மயிர் அடர்ந்த, தடித்த கை. முஷ்டியில் அதே நாலு மேடு.

"கையை எடுத்துடுங்க மச்சான்."

"ரெண்டு பேரையும் உயிரோட விடமாட்டேன்டி!"

அவள் ஓரடி பின்வாங்கி, முழு உடம்போடு கதவில் மோதினாள். உலர்ந்த குச்சி ஒடிவது போல் சத்தம் கேட்டது. வெளியே ஓலம். மறுபடியும் மோதினாள். கை போன பிறகும் மோதிக்கொண்டே இருந்தவளை நர்ஸக்காதான் இழுத்துப் பிடித்தாள்.

தாழ் விழுந்தது. ஒருத்தி அதற்குள் போலீசுக்குப் போன் போட்டிருந்தாள்.

நர்ஸக்கா கீழே கிடந்த நோட்டைத் தட்டி எடுத்துச் சின்னவளிடம் நீட்டினாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது. "பரீட்சை முடியல. முதுகை வரை. நீ வெச்ச கப்புக்கு வட்டம், மத்ததுக்குப் பெருக்கல் குறி. போலீஸ் வந்தா நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறேன்."

"கதவுல நான் செஞ்சதை?"

"அதையும் நானே சொல்லுவேன். உன் கை முரடு இல்லடி. எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு."

அக்கா தானாகவே திரும்பிப் படுத்து முதுகைக் காட்டினாள். சின்னவள் ஒவ்வொன்றாகக் குறித்தாள். பதினோரு பெருக்கல் குறி. ஒரு வட்டம்கூட இல்லை.

விலாவில் இருந்த கடைசித் தடத்தை விரல் நுனியால் தொட்டாள். "இங்க எப்படிக்கா இருக்கு?"

அக்கா வாயில் பஞ்சை அழுத்திக்கொண்டு கிடந்தாள். பஞ்சை எடுத்தாள்.

"வலிக்குதுடி" என்றாள். "ரொம்ப வலிக்குது."