பாயில் ஓர் இடம்

"இந்த நாற்காலியில யாரு உக்காந்தது?"

ரச்சனி அம்மாள் குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. சாப்பாட்டு மேசையில் கீரைக் காம்பு ஒன்று கிடந்தது. சம்லி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இடுப்பு வலி தாங்கலம்மா. கீரை ஆயுற நேரம் மட்டும்..."

"பரவால்ல, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே அம்மாள் ஈரத்துணியை எடுத்தாள். நாற்காலியைத் தானே துடைத்தாள். சாய்மானம், விளிம்பு, நாலு கால் எல்லாம். பல வருஷமாகச் சமைத்துப் போடுகிறவள் எதிரிலேயே, முகம் கோணாமல், சிரித்த வாயோடு துடைத்தாள். திட்டியிருந்தால் சம்லி அன்றைக்கே மறந்திருப்பாள்.

அன்று சாயங்காலம் அவளையும் போராட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். பாங்காக் முழுக்க அப்போது அதே பேச்சு. அரசாங்கம் போகவேண்டும், தேர்தலே வேண்டாம், வடகிழக்கு நாட்டுப்புறத்தான் போடும் ஓட்டுத்தான் நாட்டைக் கெடுக்கிறது என்று பெரிய வீட்டு ஜனங்கள் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாளுக்கு அரசியல் அவ்வளவாகத் தெரியாது. தோழிகள் எல்லாரும் போனார்கள், போகாதவளைப் பற்றிப் பின்னால் பேசினார்கள், அதனால் போனாள். சம்லியோ அந்த வடகிழக்குக்காரி. அதே அரசாங்கத்துக்கு ஓட்டுப் போட்டவள். பாயையும் தண்ணீர்ப் பெட்டியையும் தூக்கிவர ஆள் வேண்டியிருந்தது.

கூட்டம் நெருக்கியடித்தது. ஒதுங்கி உட்கார இடமில்லை.

"நிக்காத, பின்னாடி இருக்கவங்களுக்கு மறைக்குது. இங்கயே உக்காரு" என்று அம்மாள் பாயைத் தட்டினாள். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். தெருக்கடையிலிருந்து சம்லி ஊர்ப்பக்கத்துப் பப்பாளிச் சாலட் வந்தது, புளித்த மீன் போட்டது. வீட்டில் அந்தப் புளித்த மீன் வாடையே ஆகாத அம்மாள், ஒட்டரிசிச் சோற்றை உருட்டி, சம்லி தொட்ட தட்டிலேயே தொட்டுத் தின்றாள்.

அடுத்த பாயில் விமோன் இருந்தாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. "உங்க தங்கச்சியா? ஜாடை தெரியுதே" என்றாள்.

அம்மாளுக்கு நல்ல உற்சாகம். "ஆமாமா, தங்கச்சிதான்!" என்று சிரித்து, சம்லியின் தோளில் கைபோட்டாள்.

கொஞ்ச நேரம்தான் அந்தக் கை அங்கே இருந்தது. சம்லி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் வேலையை முடித்து, சொல்லாமலே பாயைச் சுருட்டி வாசலில் வைத்தாள். அப்புறம் தினமும் அப்படித்தான். மழையில் நனைந்தாள். அம்மாள் தலைவலி என்று படுத்துவிட்ட நாளில் தனியாகவே போனாள். "தங்கச்சி வந்தாச்சா?" என்று விமோன் நகர்ந்து இடம் கொடுப்பாள். யார் யாரோ ஆரஞ்சுச் சுளை நீட்டினார்கள். அங்கே யாரும் அவளை எதையும் எடுத்துவரச் சொல்லவில்லை.

ஒருநாள் மேடையில் ஒருவர், "படிக்காத எருமைகளுக்கும் நமக்கும் ஒரே ஓட்டா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அம்மாள் சம்லியின் தொடையில் தட்டினாள்.

"உன்னைச் சொல்லல. நீ நம்ம ஆளு."

சம்லி தன் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஊதினாள். அது டிவியில் வந்தது.

ஊரிலிருந்து அண்ணன் புன்தம் போன் செய்தான்.

"கோயில் மண்டபத்துல ஊரே உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கோம். வாயில விசிலோட நீ வர்ற. நம்மள எருமைங்கிறான், நீ ஊதுற. வெக்கமாயில்ல?"

"என்னைச் சொல்லலண்ணே."

"பின்ன யாரச் சொன்னான்? என்னையா?"

சம்லி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அந்தம்மா மிரட்டிக் கூட்டிட்டுப் போவுதா? அப்படின்னா சொல்லு தாயி. ஊருல அப்படியே சொல்லிடுறேன்."

தப்பித்துக்கொள்ள அண்ணன் திறந்துவிட்ட வழி அது. சம்லிக்கும் அது புரிந்தது. ஆனாலும் வாயில் பொய் வரவில்லை.

"இல்லண்ணே, நானாத்தான் போறேன். அங்க எல்லாரும் ஒண்ணா உக்காருறோம். என்னைத் தங்கச்சிங்கிறாங்க."



"நான் இத்தனை வருஷமா உன்னை வேற என்னன்னு கூப்பிட்டேன்?" என்றான் அண்ணன். "புது வருஷத் தண்ணித் திருவிழாவுக்கு இங்க வராத. உம்மேல தண்ணி தெளிக்க இந்த ஊர்ல ஆளில்ல."

அவள் போகவில்லை. புது வருஷம் கழிந்து சில வாரத்தில் பட்டாளம் வந்தது. அரசாங்கம் போனது, அவள் போட்ட ஓட்டும் போனது. மேடையைப் பிரித்து, ரோட்டைக் கழுவிவிட்டார்கள். அம்மாள் வீட்டில் மத்தியான விருந்து.

பாயில் பார்த்த முகங்களெல்லாம் வந்தன. சம்லி இறால் தட்டோடு வந்தபோது விமோன் தட்டை மட்டும் பார்த்துவிட்டு அங்குமிங்கும் தேடினாள்.

"உங்க தங்கச்சி எங்க, காணோமே?"

"இதோ நிக்கிறாளே!" அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க வீட்டு வேலைக்காரிங்க இவ. அன்னிக்கு விளையாட்டுக்குச் சொன்னேன், நீங்க நம்பிட்டீங்க!"

விமோனும் சிரித்துவிட்டாள். கெட்டவள் இல்லை. சம்லியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "அடடா, நல்ல உழைப்பாளியாச்சே. எங்க வீட்டுல ஆளில்லாம தவிக்கிறேன். எனக்குக் குடுத்துடுங்களேன்."

"ஐயோ, வேற எது வேணாலும் கேளுங்க, இவளக் கேக்காதீங்க!"

அவளை நடுவில் நிறுத்தி இரண்டு பேரும் செல்லமாகப் பேரம் பேசினார்கள். பேச்சு சுவாரசியத்தில் விமோன் தன் எச்சில் தட்டை அவள் கையில் கொடுத்தாள். கொடுத்தவளே அதைக் கவனிக்கவில்லை.

எல்லாரும் போனபின் அம்மாள் சோபாவில் சாய்ந்து காலை நீட்டினாள். சம்லி தரையில் உட்கார்ந்து பிடித்துவிட்டாள். அண்ணனுக்கு அன்று காலையிலும் போன் போட்டிருந்தாள். அவன் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமலே கேட்டாள்.

"அம்மா, அடுத்த போராட்டம் எப்பம்மா?"

அம்மாளுக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது.

"எதுக்கு இன்னொண்ணு? அதான் நாம ஜெயிச்சாச்சே" என்றாள். "இந்தக் காலு போதும். அந்தக் கால புடி."