பாராட்டுக்குப் பெயர் மாடு

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. ஈரப் போர்வைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, உலர்த்தும் அறைக்கு இழுக்க வேண்டும். வண்டிக்கு இரண்டு ஆள் என்பது விதி. என் ஜோடி மாப்பிள்ளை. வந்த நாளிலிருந்து எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவனுக்காக நான் காத்திருந்ததில்லை. தனியாகவே இழுத்துவிடுவேன்.

சூப்பர்வைசர் வாயில் எல்லோரும் மாடுதான். மெதுவானவன் எருமைமாடு, முரண்டு பிடிப்பவன் சண்டிமாடு, சொன்னதை மட்டும் செய்பவன் செக்குமாடு. என்னை வெறும் மாடு என்பார். அப்போது மட்டும் குரலில் வெல்லம் கரையும்.

இன்சார்ஜ் வேலை ஒன்று காலியானது. அதில் வருபவனுக்குக் குடும்பத்தோடு தங்க வீடு உண்டு. எனக்குத்தான் கிடைக்கும் என்று ஊரில் இருக்கும் மனைவியிடம் சொல்லிவிட்டேன். மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம்கூட விசாரித்துவிட்டேன்.

வேலை மாப்பிள்ளைக்குப் போனது.

சூப்பர்வைசர் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, சீனியர் நான்தானே?"

"யாரு இல்லைன்னா? ஆனா அவனுக்குக் கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியுதுடா."

"எப்ப கத்துக்கிட்டான்?"

"நீ வண்டி இழுக்கிற நேரமெல்லாம் இங்கதானே உக்காந்திருந்தான். அதுவுமில்லாம உன்னை மேல ஏத்திட்டா கீழ யாருடா இழுப்பா? நீ மாடுடா. உன்னை மாதிரி ஒருத்தன் கிடைப்பானா?"

அதே வெல்லக் குரல்.

அறையில் கூடத் தங்கியிருக்கும் வாத்தியார் தேற்றப் பார்த்தான். நிறையப் படித்தவன், அதனால்தான் அந்தப் பெயர்.

"விடுய்யா. பழைய தமிழ்ல மாடுன்னா செல்வம்னு அர்த்தம்."

"இருக்கட்டும். மாட்டோட செல்வமா, கட்டி வச்சிருக்கிறவன் செல்வமா?"

அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

மனைவியைப் போனில் கூப்பிட்டேன். எடுத்ததும், "பீரோவ விக்கவா, அண்ணி வீட்ல போடவா?" என்றாள்.

"இப்ப எதுவும் விக்காத."

புரிந்துகொண்டாள்.

"அப்ப எப்பங்க?"

"பாப்போம்."

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. பையன் மாடு மாதிரி உழைப்பான், கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிக்கன்னு."

"அவர் பொய் சொல்லலையே."

"நானும் பொய்னு சொல்லல," என்றாள். "கூட இருப்பான்னு அவர் சொல்லல. நானும் கேக்கல."