கடைசிக் கட்டத்து அன்னம்

பழைய கள், புதிய மொந்தை என்பார்கள். பெட்டாலிங் ஜெயாவில் டயர் கடைக்கு மேல்மாடியில் தம்புசாமி நடத்திய வீடியோ கேம் கம்பெனியில் கள்ளும் பழசு, மொந்தையும் பழசு. லேபிளை மட்டும் மாற்றி ஒட்டினார்கள். தைவானிலிருந்து வாங்கி வந்த ஒரே ஒரு விளையாட்டுதான் அந்தக் கம்பெனியின் மொத்தச் சொத்து. ஒருவன் இடமிருந்து வலமாக ஓடுவான், குதிப்பான், எதிரே வருகிறவர்களை அடிப்பான். கடைசிக் கட்டத்தில் ஒரு பெரிய உருவம் வழிமறித்து நிற்கும். அதற்கு ஆபீசில் தவுக்கே, அதாவது முதலாளி, என்று பெயர். தவுக்கேயை மூன்று அடி அடித்துக் கீழே தள்ளினால் வாணவேடிக்கை, ஆட்டம் முடிந்தது. எந்தப் படத்துக்கு, எந்த டிவி நாடகத்துக்கு லைசன்ஸ் மலிவாகக் கிடைக்கிறதோ, அதன் முகங்களை இந்த உடம்புகளின் மேல் ஏற்றிப் புது கேசட் என்று பாசார் மாலாம் இரவுச் சந்தைகளில் விற்பார்கள்.

முகம் ஏற்றுகிற வேலை குணபூசணியுடையது. ஆபீசில் அதற்குச் ‘சட்டை மாத்துறது’ என்று சொல்வார்கள். டிவி பேய்க்கதைக்குச் சட்டை மாற்றியிருக்கிறாள். ஹாங்காங் சண்டைப் படத்துக்கும், சாக்லேட் பான டின்னில் சிரிக்கிற கரடிக்கும் மாற்றியிருக்கிறாள். வாராவாரம் பிள்ளைகளுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுத்த ஒரு டிவி டீச்சரைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்த டீச்சர் கேசட்டுக்குள் வந்ததும் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் பளார் பளார் என்று அறைந்துகொண்டு நடந்தார். விளையாட்டுக்குத் தெரிந்தது அறைவது ஒன்றுதான். அது வேறு என்னதான் செய்யும்?

சேர்ந்த புதிதில் குணபூசணிக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. மூன்றாவது வருஷத்தில் சலித்தது. இந்த 1993-இல், கணினித் திரையில் அந்த வெற்று உடம்பைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டியது. முகமில்லாமல், துணியில்லாமல், யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம் என்று சாம்பல் நிறத்தில் அது நின்றது. வேலையை விட்டுவிடலாம் என்று வாரம் ஒருமுறை நினைப்பாள். படம் வரையத் தெரிந்த பெண்ணுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று வாரம் ஒருமுறை அதைக் கைவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தம்புசாமி ஞாயிறு பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார்.

“குணா, அடுத்த லைசன்ஸ் என்னன்னு சொல்லு பாப்போம்.”

“எதுன்னாலும் ஓடத்தானே போகுது, பாஸ்.”

“ஓடும்லா. ஆனா இது உன் வீட்டுச் சரக்கு!” பத்திரிகையை விரித்துப் போட்டார். ‘ஆறுமுகமும் அகப்பையும்’.

குணபூசணி பத்திரிகையைத் தன் பக்கம் திருப்பினாள். அது அவள் அப்பா வரைகிற சித்திரக்கதை. வீரசிங்கம் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷத்துக்கு மேலாக ஞாயிறுதோறும் நாலு கட்டத்தில் அதை வரைகிறார். ஆறுமுகம் ஒரு அப்பாவிக் கணவன். அன்னம் அவன் மனைவி. ஆறுமுகம் வாயைத் திறந்தால் தப்பாகத்தான் திறப்பான், நாலாவது கட்டத்தில் அன்னம் அகப்பையால் அவன் தலையில் ஒன்று போடுவாள். கிள்ளானிலிருந்து ஸ்ரீ கெம்பாங்கான் வரை தமிழ் படிக்கத் தெரிந்த வீடுகளெல்லாம் அதற்குச் சிரித்தன.

“அப்பா சம்மதிச்சாரா?”

“சம்மதிச்சாராவா? போன வாரம் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கல்யாணத்துல பார்த்தேன். கேம்னு சொன்னதும் மனுசன் என் கையை விடல. கையெழுத்து போட்டுட்டாரு. சாம்பிளை மட்டும் ஒரு தடவை பார்த்து ஓகே சொல்லணும்னாரு, அவ்வளவுதான்.” தம்புசாமி பென்சிலை எடுத்து உருவங்களைச் சுழித்தார். “ஆறுமுகம் ஓடுறான். தவுக்கே யாரு? அன்னம்! கையில அகப்பை, இடுப்புல முந்தானை. மூணு அடி. டமால்.”

“பாஸ், கதையில அடிக்கிறது அன்னம். ஆறுமுகம் அடி வாங்குறவன்.”

“அட, ஹீரோ அடி வாங்கிட்டே இருந்தா எவன்லா காசு குடுத்து வாங்குவான்? ஓடுறவன் அடிக்கணும், கடைசியில நிக்கிறவ விழணும். கேம் அப்படித்தான் இருக்கு. நான் என்ன செய்ய?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஒரு அச்சு, அதில் எதை ஊற்றினாலும் அதே கொழுக்கட்டை. அந்தக் கொழுக்கட்டைக்குள் இன்று போகப்போவது தன் அம்மா என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அன்னம் அம்மாதான். அந்தக் கொண்டை, அந்த மூக்குத்தி, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற அந்த நிற்றல், எல்லாமே இராசேஸ்வரி. ஊருக்கே தெரியும். கல்யாண வீடுகளில், “என்ன அக்கா, வீட்டுல இன்னைக்கும் அகப்பை பூசைதானா?” என்று கேட்பார்கள். “ஆமா, எண்ணெய் தடவி வச்சிட்டுத்தான் வந்தேன்” என்று அம்மா சொல்வாள். சுற்றி இருக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பா தலையைத் தடவிக்கொண்டு, பாவம்போல் முகத்தை வைத்துக்கொள்வார்.

நடந்ததோ நேர்மாறு. அந்த வீட்டில் அடித்த கை அப்பாவுடையது. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து, பத்திரிகையைப் படித்துத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து முடித்த பிறகு, குழம்பில் உப்போ, சட்டையில் கறையோ ஏதாவது ஒரு சாக்கு கிடைக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவருடைய சட்டியில் இருந்தது அடி. அதை அம்மாவின் கையில் கொடுத்து நாலு கட்டத்தில் ஊருக்குப் பரிமாறினார். இதை நினைக்கும்போதெல்லாம் குணபூசணிக்கு அப்பாவின் மேல் கோபம் வராது, அருவருப்புதான் வரும், சாப்பாட்டில் கிடந்த மயிரைக் கண்டதுபோல. பெட்டாலிங் ஜெயாவில் அறை எடுத்துத் தனியாக இருந்ததும் அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அப்பா வீட்டுக்குப் போவாள்.

படத்தை வரைய மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. சாம்பிளை அப்பா பார்க்க வேண்டுமே! பார்க்கட்டும். தன் கையால் பட்டனை அமுக்கித் தன் பெண்டாட்டியைத் தானே அடித்து வீழ்த்திப் பார்க்கட்டும். அந்த இடத்தில் கூசிப்போய், வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவார். அவர் வேண்டாம் என்றால் கேசட் இல்லை, அம்மாவை ஊர்ப் பிள்ளைகள் அடித்து விளையாட மாட்டார்கள்.

“சாம்பிள் நான் செய்யறேன், பாஸ்,” என்றாள்.

ஆறுமுகத்தை வரைவது எளிதாக இருந்தது. அன்னம் நிற்பதும் அகப்பையை ஓங்குவதும் வந்துவிட்டன. விழுவதற்கு நாலு படம் வேண்டும். தவுக்கேகள் வழக்கமாக மல்லாக்கப் பறந்து, காலைத் தூக்கிக்கொண்டு விழுவார்கள், தலையைச் சுற்றி நட்சத்திரம் சுழலும். குணபூசணி அதைத்தான் வரைய உட்கார்ந்தாள். கை கேட்கவில்லை. புள்ளி புள்ளியாக வேறொன்று வந்தது. முதல் படத்தில் இடது கை காதைப் பொத்தியது. இரண்டாவதில் வலது கை கதவு நிலையைத் தேடியது. மூன்றாவதில் முழங்கால் மடங்கியது. நாலாவதில் பக்கவாட்டில் சரிந்து, சரியும்போதே ஒரு கை சேலைக் கரையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டது.

ஏழு வயதில் கூடத்துப் பாயில் படுத்து, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு பார்த்தது அது. அழித்துவிடலாம் என்று நினைத்தாள். பிறகு, இதைப் பார்த்தாலாவது அவருக்கு உறைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் டிவியோடு கேம் பெட்டியை இணைத்துக் கேசட்டைச் செருகினாள். வீரசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். திரையில் ஆறுமுகம் தோன்றியதும் கைதட்டினார்.

“அட! என் மண்டையை அப்படியே கொண்டாந்துட்டா பாரு! இராசேஸ்வரி, இங்க வா!”

அம்மா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். “கை ஈரமா இருக்கு,” என்று குரல் மட்டும் வந்தது.

அவர் ஓடினார், குதித்தார், பள்ளத்தில் விழுந்தார், மறுபடியும் ஓடினார். அரை மணி நேரத்தில் பழகிக்கொண்டார். குணபூசணி திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டம் வந்தது. அன்னம் அகப்பையோடு நின்றாள்.

“அன்னந்தானா கடைசி? பேஷ்!” என்றார் வீரசிங்கம். கட்டைவிரல் பட்டனில் இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. அன்னம் காதைப் பொத்தி, நிலையைத் தேடி, மடங்கிச் சரிந்தாள். வாணவேடிக்கை வெடித்தது.

அவர் முகத்தில் கூச்சம் வரும் என்று அவள் காத்திருந்தாள். ஒரு நிழலாவது ஓடும் என்று பார்த்தாள். ஒரு மண்ணும் இல்லை. பிறந்தநாள் கேக்கைப் பார்த்த பிள்ளையைப்போல முகம் மலர்ந்திருந்தது.

“நல்லாருக்கு. ஒரே ஒரு குறை. மூணு அடியில விழுந்துட்டா சப்புனு இருக்கே? பத்து வைக்கச் சொல்லு. அப்பத்தான் பிள்ளைங்களுக்கு விறுவிறுப்பா இருக்கும்.”

சீ, என்று அவள் வாய்க்குள் ஒரு சொல் கசந்தது. எதை நம்பி இதைக் கொண்டுவந்தோம்? நாலு படத்தைப் பார்த்துக் கூசுகிற கண்ணாக இருந்தால், நேரில் பார்த்தபோதே கூசியிருக்காதா?

“என்னதான் அப்படி இருக்கு?” அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து சமையலறை வாசல்படியில் நின்றாள்.

“உன்னைத்தான் அடிச்சு விளையாடிட்டு இருக்கேன்!” வீரசிங்கம் தன் சொல்லுக்குத் தானே சிரித்தார். “பாரு, பாரு, இன்னொரு தடவை.”

குணபூசணி எழுந்து மறிப்பதற்குள் அவர் மறுபடியும் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. அம்மா வழக்கமான சிரிப்பைத் தயாராக உதட்டில் வைத்திருந்தாள், கல்யாண வீடுகளில் சிரிக்கிற அதே சிரிப்பை. அன்னம் காதைப் பொத்தினாள். நிலையைத் தேடினாள். மடங்கினாள். சரியும்போது சேலைக் கரையை இழுத்துவிட்டாள்.

சிரிப்பு உதட்டிலேயே நின்றது. அம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்து மகளைப் பார்த்தாள்.

“குணம்,” என்றாள் மெதுவாக. “அப்ப நீ தூங்கலையா?”

எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை. குணபூசணியும் கேட்கவில்லை. அப்பாவைக் கூசவைக்க நினைத்து அம்மாவின் துணியை உரித்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தம்புசாமியின் கேமில் நின்ற வெற்று உடம்பின்மேல் வந்த அருவருப்பு, அப்பாவின்மேல் வந்த அருவருப்பு எல்லாம் இப்போது அவள் கையின்மேலேயே வந்து ஒட்டிக்கொண்டன. வரைந்தது இந்தக் கைதானே!

“தூங்கலம்மா.”

“யாரு தூங்கல? எப்ப?” வீரசிங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, பத்து வைக்கச் சொல்லு, மறந்துடாத. மத்தபடி எனக்கு ஓகே.”

குணபூசணி எழுந்து போய்க் கேசட்டைப் பெட்டியிலிருந்து பிடுங்கினாள். திரை வெளுத்து இரைந்தது. அவர் “ஏய்!” என்றார். அவள் டிவியையும் அணைத்தாள்.

அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் ஊரார் முன்னால் சிரித்த சிரிப்புக்கு அவளுக்கு ஒரே ஒரு பிடிமானம் இருந்திருக்கிறது. அது இப்போது கையை விட்டுப் போய்விட்டது. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவளைப்போல மகளின் முகத்தையே பார்த்தாள்.

“நீ முழிச்சிக்கக் கூடாதுன்னுதானே,” என்றாள், “நான் ஒரு நாளும் சத்தம் போடல.”