கழுவாத கிண்ணம்

எந்த நாற்காலியாக இருந்தாலும் கைக்குட்டையால் ஒரு துடைப்புத் துடைக்காமல் அவர் உட்காரமாட்டார். வீட்டுக்காரம்மா சற்றுமுன்தான் ஈரத்துணியால் துடைத்த நாற்காலியானாலும் சரி, கடையிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு வந்து இறங்கியதானாலும் சரி. "முன்னாடி யார் உட்கார்ந்துட்டுப் போனாங்க, என்னத்த ஒட்டிட்டுப் போனாங்கன்னு நமக்கென்ன தெரியும்?" என்பார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். அவர் வாயிலிருந்து வந்த நியாயங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். அதையும் நாற்காலியோடு நிறுத்திக்கொண்டார்.

அலுவலகத்தில் அவருக்கு அடியாழம் என்று பட்டப்பெயர். கடைகளில் வைக்கும் எலக்ட்ரானிக் தராசுகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. அங்கே அவர் குழுத் தலைவர். பிறர் அனுப்பும் மின்னஞ்சலின் தலையில் 'கவனிக்கவும்' என்று ஒரு வார்த்தையை ஏற்றி, இன்னொருவர் பக்கம் தள்ளிவிடுவது அவருடைய உத்தியோகம். கடைசியாக அவர் ஒரு நிரல் எழுதியது எப்போது என்று கேட்டால், எழுதினாரா என்றே எதிர்க்கேள்வி வரும். ஆனால் யார் எழுதிய நிரலைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்கி, "எல்லாம் மேலோட்டம். அடியாழத்துக்குப் போகணும்பா" என்பார். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. அதைப் பாராட்டு என்று எண்ணி அவரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் வேலையை விட்டுப் போனார். மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட அவருடைய அறை காலியானது. அடியாழம் அதே வாரம் எம்.டி.யின் முன்னால் போய், அங்கிருந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ரூம் உங்களுக்குத்தான்" என்றார் எம்.டி. "ஆனா ஒண்ணு. கஸ்டமர் ஒருத்தர், உங்க டெக்னிகல் ஹெட்டுக்கு அசெம்பிளி தெரியுமான்னு கேட்டுட்டார். எனக்கு அது என்னன்னே தெரியாது, தெரியும்னு சொல்லிட்டேன். ஆன்லைன் காலேஜ்ல ஒரு கோர்ஸ் இருக்காம். பாஸ் பண்ணிட்டு வாங்க, கதவுல உங்க பேரை ஒட்டிடலாம்."

"இதுக்கா சார் கோர்ஸ்? என் ரத்தத்துலயே ஊறினது."

"ரத்தத்த கஸ்டமருக்கு அனுப்ப முடியாதுல்ல. சர்டிபிகேட் வேணும்."

அசெம்பிளி என்பது ஒரு கணினி மொழி. இயந்திரத்தின் வயிற்றுக்குள் கையை விட்டுச் செய்கிற வேலை. இந்த எண்ணை எடு, அந்த எண்ணோடு கூட்டு, அங்கே வை என்று ஒவ்வொன்றையும் ஊட்டிவிட வேண்டும். எண்களை வைத்துக்கொள்ள ரிஜிஸ்டர் என்று சில கிண்ணங்கள் உண்டு. அவ்வளவுதான் மொத்தச் சமாசாரம். பொறுமைசாலிக்கு வேண்டிய பாடம். அடியாழம் அதைப் பட்டாபிஷேகமாக எடுத்துக்கொண்டார்.

"நீங்கல்லாம் மெஷினோட ஆள் வச்சுப் பேசறவங்க" என்று அலுவலகத்துப் பிள்ளைகளிடம் சொன்னார். "நான் நேருக்கு நேர் பேசறேன்."

"மெஷின் என்ன சார் சொல்லுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உங்களுக்குச் சொன்னா புரியாதும்மா."

"அது சொல்றது உங்களுக்குப் புரியுதுல்ல சார், அது போதும்" என்றாள் அவள், மிகவும் பணிவாக.

கல்லூரியும் அவருக்கு ஏற்ற கல்லூரிதான். பேராசிரியர் எந்தக் காலத்திலோ பதிவுசெய்த வீடியோக்களில் வந்தார். எல்லாப் பாடத்திலும் ஒரே கோடுபோட்ட சட்டை. ஒரே மூச்சில் மொத்தப் படிப்பையும் பேசி முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். திரையில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இது தேர்வுக்கு முக்கியம்" என்பார். எது முக்கியமில்லை என்பதை அவர் கடைசிவரை சொல்லவேயில்லை. மாணவர்கள் பேசிக்கொள்ள ஒரு மன்றம் இருந்தது. அதில் கல்லூரி சார்பில் பதில் சொல்வது ஒரு தானியங்கி. எதைக் கேட்டாலும் "நல்ல கேள்வி!" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். மற்றபடி கல்லூரியில் மனிதர்கள் இருந்தார்களா என்பதற்கு, கட்டண ரசீதைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை.

அந்த மன்றத்தில் ஒரு பலகை உண்டு. ஒரே கணக்குக்கு யார் மிகக் குறைந்த வரிகளில் நிரல் எழுதுகிறார்களோ அவர் பெயர் மேலே ஏறும். ஐந்து எடைகளைக் கூட்டு என்று கணக்கு வந்தது. பேராசிரியரின் நிரலில் முதல் வரி, கூட்டுத்தொகையை வைக்கப்போகும் கிண்ணத்தைக் காலிசெய்யும் வரி. கிண்ணத்தைச் சைபராக்கிவிட்டுத்தான் கூட்டத் தொடங்குவார் அவர். அடியாழம் அதை உற்றுப் பார்த்தார். தம் கணினியில் அந்த வரியைத் தூக்கிவிட்டு ஓட்டினார். விடை சரியாகவே வந்தது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் சரி. ஏனென்றால் வீட்டில் பழகுவதற்காகக் கல்லூரி கொடுத்திருந்த மென்பொருள், கற்றுக்குட்டிகள் பாவம் என்று எல்லாக் கிண்ணங்களையும் கழுவிக் கவிழ்த்துவைத்துத்தான் ஆரம்பிக்கும். குழந்தைக்குச் சோற்றைப் பிசைந்து வைப்பதுபோல. அடியாழம் அதைத் தம் சாமர்த்தியம் என்று எண்ணிக்கொண்டார்.

ஒரு வரி குறைந்ததும் பலகையின் உச்சியில் அவர் பெயர் ஏறியது. தானியங்கி ஒரு தங்க நட்சத்திரம் அனுப்பியது. அதை வண்ணத்தில் அச்செடுத்து, அலுவலகத்தில் தம் மேசைத் தடுப்பில் ஒட்டினார். மன்றத்தில் 'கொழுப்பை அகற்றுதல்' என்று ஒரு சொற்பொழிவும் எழுதினார். அசெம்பிளி என்பது துறவு என்றார். தேவையற்ற வரி தேவையற்ற ஆசையைப் போன்றது என்றார். உடனே சீடர்கள் சேர்ந்துவிட்டார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் பயந்துகொண்டே கேட்டார்: "ஐயா, வீடியோவில் சார் அந்த வரியைப் போட்டாரே?"

"அவர் பயந்த சுபாவம்" என்று அடியாழம் பதில் எழுதினார். "இருப்பதைக் காலிசெய்யலாம். காலியாக இருப்பதை ஏன் காலிசெய்ய வேண்டும்? பேங்க் புத்தியை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்."

வங்கிக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தம் நிரல்கள் எல்லாவற்றிலும் முதல் வரியை அழித்தார்.

இந்த வெற்றிக்குப் பிறகு தேர்வு என்பது வெறும் சம்பிரதாயம் ஆகிவிட்டது. யாரும் சொல்லாமலே கண்ணாடி அறைக்குக் குடிபுகுந்தார். உட்காரும் முன், துப்புரவு அம்மாவை அழைத்து மேசையை மூன்று தரம் துடைக்கச் சொன்னார். இழுப்பறைகளைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டச் சொன்னார். பழைய தலைவர் விட்டுப்போன சளி மாத்திரை, உடைந்த சீப்பு, மூடியில்லாத பேனா எல்லாம் குப்பைக்குப் போயின.

"அந்த ஆள் வச்சுட்டுப் போனது ஒரு துளிகூட இங்க இருக்கக்கூடாது. சுத்தமான இடத்துலதான் நான் ஆரம்பிப்பேன்" என்றார்.

"சுத்தமாத்தான் சார் இருக்கு" என்றார் அந்த அம்மா.

"நீங்க சொன்னா ஆச்சா?" என்று கைக்குட்டையை எடுத்தார்.

வீட்டில் மனைவியின் அண்ணன் மாடியில் குடியிருந்தார். திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். கணினி பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆனால் தங்கை புருஷனின் அலட்டலைக் கேட்பது அவருக்குச் சாயங்காலப் பொழுதுபோக்கு.

"மாப்பிள்ளை, இன்னிக்கு மெஷின் என்ன சொல்லிச்சு? சௌக்கியமா?"

"உங்களுக்குத் துணியை முழம் போட்டா போதும் மச்சான். இதெல்லாம் அடியாழம்."

"ஆழமா? பார்த்து, வழுக்கிடப் போகுது" என்றார் மச்சான்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை. கேமரா முன்னால் உட்கார்ந்து, கல்லூரியின் தேர்வு இயந்திரத்தில் நிரலை எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். தேர்வாளர் ஒரு பெண்மணி. பயங்கர ஜலதோஷம் அவருக்கு. பதிவுசெய்த வீடியோவாக இல்லாமல், தானியங்கியாக இல்லாமல், கல்லூரியில் உயிரோடு கண்ணில்பட்ட முதல் ஆள். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். அடியாழம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, வீடு பார்க்க வந்தவருக்குக் காட்டுவதுபோல் அறையைச் சுற்றிக் காட்டிவிட்டு, நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். கதவுக்கு வெளியே மனைவியும் மச்சானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

கணக்கு அதேதான். ஐந்து பொட்டலங்களின் எடையைக் கூட்ட வேண்டும். அடியாழம் சிரித்தேவிட்டார். விரலைச் சொடுக்கி, தம் புகழ்பெற்ற நிரலைத் தட்டினார். முதல் வரி இல்லாமல்.

"ஓட்டுங்க சார்" என்றார் தேர்வாளர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஓட்டினார்.

"விடை என்ன சார்?"

"திரையில இருக்கே மேடம்."

"நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் இருக்கு. அஞ்சு சின்னப் பொட்டலம். பன்னெண்டு, ஏழு, முப்பது, நாலு, ஒம்பது. கூட்டினா அறுபத்திரெண்டு வரணும்."

அடியாழம் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. தயங்கியிருந்தால் பிழைத்திருப்பார்.

"மேடம், அது ஹெக்ஸ்ல இருக்கு, பதினாறு பதினாறா எண்ற கணக்கு. சாதாரணமா பார்க்கறவங்களுக்குப் பெருசாத்தான் தெரியும்."

"ஹெக்ஸ்லேர்ந்து மாத்தினதுக்கு அப்புறம்தான் சார் நாற்பத்தெட்டாயிரம்."

"அப்படின்னா பைட், அதான் எண்ணோட ரெண்டு பாதி, முன்பின்னா திரும்பியிருக்கும். அடியாழத்துல இதெல்லாம் சகஜம்."

தேர்வாளர் பைட்டுகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். "இருபத்துநாலாயிரத்து ஐந்நூத்தியெட்டு."

"பார்த்தீங்களா, பாதியாயிடுச்சு" என்றார் அடியாழம், தாமே இறக்கிவைத்தவர்போல.

"இன்னொரு தடவை ஓட்டுங்க சார்."

ஓட்டினார். அதே பொட்டலங்கள், அதே நிரல். இந்த முறை மூவாயிரத்துச் சொச்சம்.

"குறையுது மேடம். மெஷின் கொஞ்சம் சூடாகணும்போல."

கதவுக்கு வெளியே ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது. மச்சான் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

தேர்வாளர் தும்மிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சார், இந்த மெஷின்ல உங்களுக்கு முன்னாடியும் நடுவுலயும் யார் யாரோ ஓட்டிட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் எதையாவது விட்டுட்டுப் போவாங்க. நிஜ உலகத்துல அப்படித்தான் இருக்கும். உங்க நிரலோட முதல் வரியில என்ன இருக்கணும்னு யோசிங்க. நேரம் இருக்கு. திருத்திக்கலாம்."

இதைவிடப் பச்சையாக ஒருவர் விடையைச் சொல்ல முடியாது. ஒரே ஒரு வரி. தட்டினால் தேர்ச்சி, கண்ணாடி அறை, கதவில் பெயர். அடியாழத்துக்கும் அது மண்டையில் உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் காது மடல்கள் சிவந்துவிட்டன. ஆனால் மன்றத்தில் சொற்பொழிவு இருந்தது. சீடர்கள் இருந்தார்கள். தடுப்பில் தங்க நட்சத்திரம் இருந்தது.

"முதல் வரி அவசியமே இல்லை மேடம்" என்றார். "அதை நீக்கினதே நான்தான்."

"நீங்கதானா அது?" என்றார் தேர்வாளர். "காலையிலேர்ந்து பத்துப் பதினஞ்சு பேரு இதே மாதிரி எழுதிட்டாங்க. எங்கேர்ந்து பரவுதுன்னு பார்த்துட்டிருந்தேன்."

மீதி நேரம் முழுவதும் அடியாழம் துறவைப் பற்றிப் பேசினார். தேர்வாளர் ஒலியை அணைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தது. தோல்வி. மன்றத்தில் சீடர்கள் ஒப்பாரி வைத்தார்கள். வங்கிக்காரர், தம் வாழ்நாளில் எழுதிய ஒரே கோபமான வாசகத்தை எழுதினார்: "ஐயா, உங்கள் கொழுப்பை முதலில் அகற்றுங்கள்." அடியாழம் கல்லூரிக்கு நீண்டதொரு புகார் அனுப்பினார். தேர்வு இயந்திரம் அசுத்தமாக இருந்தது, வருகிறவருக்கு அதைத் துடைத்துவைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று. "நல்ல கேள்வி!" என்று தானியங்கி பதில் போட்டது.

"என்னாச்சு?" என்றார் எம்.டி.

"கேள்வித்தாளே தப்பு சார். அவங்க மெஷின் என் லெவலுக்கு இல்ல."

"பாஸா, இல்லையா?"

"அப்படி ஒத்தை வார்த்தையில சொல்லிட முடியாது சார்."

"ஓ, பெயில்" என்றார் எம்.டி. "சரி விடுங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். ரூமைக் காலிபண்ணிடுங்க, ரிப்பேருக்கு வந்த தராசெல்லாம் வைக்க இடமில்லாம கெடக்கு."

அன்று மாலையே கண்ணாடி அறைக்குள் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டன. எடை காட்டத் தெரியாத தராசுகள் உள்ளே போயின, அடியாழம் வெளியே வந்தார். தம் காபிக் குவளையை மட்டும் மறந்துவிட்டார். துப்புரவு அம்மா அதை எடுத்து, சளி மாத்திரை போன இடத்துக்கே அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மச்சான் கூடத்தில் காத்திருந்தார். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அடியாழம் நெருங்கியதும் மச்சான் எழுந்து, தோளில் கிடந்த துண்டை உதறி, இருக்கையை, முதுகை, கைப்பிடியை, நான்கு கால்களையும் சாவகாசமாகத் துடைத்தார்.

"உட்காருங்க மாப்பிள்ளை. சைபராக்கிட்டேன்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "நாற்காலிக்குக் காட்டுற அக்கறையில கால்வாசிய அந்த மெஷினுக்குக் காட்டியிருந்தா, இந்நேரம் கதவுல பேரு இருந்திருக்கும்."

"உங்களுக்கெல்லாம் இது புரியாது. இது அடியாழம்" என்றார் அவர். பிறகு கைக்குட்டையை எடுத்து, நாற்காலியை இன்னொரு தரம் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.