ஐந்தாம் இடம்

காரில் வரும்போதே வெர்னா மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். மூன்றும் சாக்குப்போக்காகவே இருந்தன. செய்த காரியம் அப்படிப்பட்டது, பாவம் அவள் என்ன செய்வாள்!

தங்கை ஜோலீனின் சமையலறை மேசை முழுக்கக் காகிதங்கள். தங்கை மகன் கோல்பி கையெழுத்து வேட்டையில் இறங்கியிருந்தான். இந்த வருஷம் அவனுடைய கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. என்ன பிரயோஜனம்? இறுதி ஆட்டத்தில் மோதும் இரண்டு அணிகள் எவை என்று முடிவு செய்வது மைதானம் இல்லை, பயிற்சியாளர்கள் அணிகளை வரிசைப்படுத்திப் போடும் ஓட்டு; ஓர் இடம் மேலே வைத்தால் ஒரு புள்ளி கூடும். ஞாயிற்றுக்கிழமை முடிவு வந்தது. இரண்டே புள்ளியில் கோல்பியின் அணி மூன்றாவதாகி வெளியே நின்றது. அவனுக்கு இது கடைசி வருஷம்.

"வாங்க பெரியம்மா! முதல்ல கையெழுத்து, அப்புறம்தான் காப்பி. இந்த ஓட்டுக் கூத்தை ஒழிச்சிட்டு எட்டு டீமுக்கு நாக்-அவுட் வைக்கச் சொல்லி மனு."

"பையைக் கீழ வைக்கவாவது விடுடா. தபால்காரரைக்கூட விடல அக்கா இவன்" என்றாள் ஜோலீன்.

"பின்ன என்னம்மா? கிழக்குப் பக்கத்து கோச்சுங்க எங்க ஆட்டத்தைப் பார்த்திருக்கவே மாட்டாங்க, அங்க அப்ப நடுராத்திரி, குறட்டை விட்டிருப்பாங்க. பெரியம்மாவோட ஹால்வர்சன் ஒருத்தர்தான் மனுஷன். எங்களை ரெண்டாவதாவது போட்டிருப்பாரு. நாளைக்குப் பேப்பர்ல யார் யார் எப்படிப் போட்டாங்கன்னு வருதில்ல, பார்த்துக்குங்க."

ஹால்வர்சனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? அடுத்த ஆட்டத்தைப் பற்றிய கவலையிலேயே அவர் ஞாயிறு கழிந்துவிடும். "என் ஓட்டை நீயே போட்டுடு வெர்னா" என்பார். அவர் பயிற்சியாளராக இருக்கும் கல்லூரியில் பத்திரிகைக்காரர்களைச் சமாளிப்பது அவள் வேலை. சத்தமில்லாமல் இதுவும் அவள் தலையில் விழுந்திருந்தது.

நாளை பேப்பரில் அவள் போட்ட ஐந்தாம் இடம் ஹால்வர்சன் பெயரில்தான் வரும். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், திட்டெல்லாம் அவருக்கே போய்ச் சேரும். அந்த நினைப்பு வந்ததுமே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"அவர் போடல கோல்பி. நான்தான் போட்டேன். உங்களை அஞ்சாவதா."

கோல்பி சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என்னக்கா சொல்ற?" என்றாள் ஜோலீன்.

"தங்கச்சி மகன் டீமைத் தூக்கி விட்டுட்டேன்னு நாலு பேர் பேசிடுவாங்களோன்னு பயம். ஒரு ஓட்டுல என்ன ஆகிடப் போகுதுன்னு இறக்கிப் போட்டேன். ரெண்டாவதா போட்டிருந்தா மூணு புள்ளி கூடியிருக்கும்."

மூன்றைவிட இரண்டு குறைவு என்பதை அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆட்டத்தையாவது பார்த்தீங்களா?" என்றான் கோல்பி.

"ஒண்ணு விடாம பார்த்தேன்."

"பார்த்துட்டு, எங்களுக்கு எந்த இடம்னு தோணிச்சு?"

கொஞ்சம் குறைத்துச் சொல்லலாமா என்று அவள் மனம் அப்போதும் அலைபாய்ந்தது.

"முதல் இடம்டா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

தூங்கிப்போனவர்களைத் திட்ட அவனிடம் நிறைய வார்த்தை இருந்தது. விழித்திருந்து பார்த்தவள் முன்னால் மனுக் காகிதம் ஒன்றை எடுத்து நகர்த்தினான்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. இப்ப சொன்னதை அப்படியே எழுதுங்க. பேரு, பாக்குற வேலை, எல்லாம்."

"வேலை போயிடும்டா!" என்று பதறினாள் ஜோலீன்.

வெர்னா பேனாவை எடுத்தாள். கட்டம் போதவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

காப்பி வரவில்லை. அவளும் கேட்கவில்லை.