றாபியா அக்காவின் கதிரை

1.

“அதை எழுத்துல தாங்க, சேர்.”

இந்தக் கதை பிறந்தது இந்த வரியில்தான். கதையாகப் பிறக்கவில்லை, கடிதமாக. ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய கடிதம் மூன்று பக்கம் போனதும், ‘நான்’ என்று இருந்த இடமெல்லாம் ‘சுதர்சினி’ என்று மாற்றினேன். அப்புறம்தான் அவளை ஒழுங்காகத் திட்ட முடிந்தது.

மேலே இருப்பவர்களிடம் எதையும் எழுத்தில் கேட்காதே என்று சொல்லி வளர்த்தவள் அவளுடைய அம்மா சந்திரகாந்தா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். “வாயால கேட்டா மறந்துருவாங்க புள்ள. எழுதிக் கேட்டா ஒம் பேர மறக்க மாட்டாங்க.”

2.

மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கும் ஒரு கம்பனியின் கந்தோர். முதலாளி இருப்பது கொழும்பில். சுதர்சினி சேர்ந்து நாலு மாதம். தோட்டத்து வரிசை வீடுகளான அவள் லயத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. பட்டம் புவியியலில். பட்டதாரி என்றால் கம்ப்யூட்டரும் தெரியும் என்று கந்தோர் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதன் முன்னால் போட்ட கதிரையில் பதினொரு வருடமாக றாபியா அக்கா. பல்லேபொலவிலிருந்து பஸ்ஸில் வருவார், சுதர்சினிக்கும் சேர்த்து இடியப்பம் கட்டிக்கொண்டு.

மெஷின் ஊர்ந்தது. வெள்ளிக்கிழமை அக்கா சாப்பிடப் போன நேரத்தில், சுதர்சினி ஒரு வீடியோவைப் பார்த்து, பின்னால் ஓடும் ‘வேண்டாத’ சேவைகளை நிறுத்தினாள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் நேரே 4 என்று போட்டால் அது நிற்கும்; 2 என்றால் தானாக ஓடும். வீடியோவில் ஏழு சேவை. எட்டாவது அவளுடைய சொந்தப் புத்தி. மற்ற எல்லாம் ஒன்றோடொன்று பேசுவதே அந்த எட்டாவதை வைத்துத்தான்.

[இங்கே அந்தச் சேவையை அம்மாவோடு ஒப்பிட்டு ஒரு பத்தி இருந்தது. வெட்டிவிட்டேன். அம்மா உவமையாக இருக்கச் சம்மதிக்கவில்லை.]

3.

திங்கட்கிழமை பிரின்டர் இல்லை. இணையம் இல்லை. எடைச்சீட்டுப் போடும் புரோகிராம் திறக்கவில்லை. வாசலில் மிளகுச் சாக்கோடு ஆட்கள். மேனேஜர் முஸம்மில் வந்தார்.

“யாரு இதுல கை வச்சது?”

சுதர்சினி பயத்தில் உறைந்து [பொய்.] சொல்லத்தான் நினைத்தாள், ஆனால் [இதுவும் பொய்.] வாயைத் திறக்கவே இல்லை. அதுதான் நடந்தது.

“நான்தான் சேர்,” என்றார் றாபியா அக்கா.

மேனேஜர் போனதும் சுதர்சினிக்குக் கண் கலங்கியது. “ஏன்க்கா?”

“ஒன் மூஞ்சப் பாத்தாலே தெரியுது. எனக்குப் பதினொரு வருஷம், ஏசிட்டு விட்டுருவாரு. நீ பழுதப் பாரு மகள்.”

4.

சேவைப் பட்டியலில் போய்த் திருப்பிப் போடலாம் என்றால், அந்தப் பட்டியல் திறப்பதற்கே அந்தச் சேவை வேண்டும். நல்ல காலம், பதிவேடு திறந்தது. அக்கா ஃபோனில் தேடி எடுத்த குறிப்பை வாசிக்க, சுதர்சினி வரி வரியாகத் தேடினாள்.

“இதுல 4 இருக்கு,” என்றார் அக்கா.

“2 போடுங்கக்கா.”

“நானா?”

“ஒங்க மெஷின்தானே.”

அக்கா பிஸ்மி சொல்லித் தட்டினார். மெஷின் அணைந்து எழும்பியது. பிரின்டர் இருமியது.

“பட்டம் எடுத்தும் ஏழோட நிப்பாட்டத் தெரியலயே ஒனக்கு!” அக்கா சிரித்த சிரிப்பில் சாக்குக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

5.

முஸம்மில் ஏசியதோடு விடவில்லை. நாளையிலிருந்து அக்கா களஞ்சியத்தில் மிளகு புடைக்க வேண்டும். கதிரை சுதர்சினிக்கு.

சுதர்சினி அவரிடம் போய் உண்மையைச் சொன்னாள்.

“தெரியும்,” என்றார் அவர். “நீங்க படிச்ச புள்ள. பேசாம போய் அந்தக் கதிரையில இருங்க.”

“அக்காதான் கெடுத்தாங்க, அதுக்குத்தான் மாத்துறோம்னு, அதை எழுத்துல தாங்க, சேர்.”

“எதுக்கு?”

“கையெழுத்துப் போட்டும் பொய் சொல்லுவீங்களான்னு பாக்க.”

அவர் பேனாவைத் தொடவில்லை. அவள் தொட்டாள். ‘நிறுத்தியது நான். திருத்தியது றாபியா.’ கொழும்பு முதலாளிக்கு, கீழே அவளுடைய முழுப் பெயர்.

6.

மூன்று முடிவு வைத்திருந்தேன்.

அ) முதலாளி கடிதத்தை வாசித்து மனம் இளகி [எனக்கே சிரிப்பு வருகிறது.]

ஆ) வேலை போகிறது. “சொன்னேன்ல,” என்கிறாள் அம்மா.

இ) அடுத்த நாள் காலை, பல்லேபொல பஸ்ஸில்

நான் இதை எழுதி முடிக்கவில்லை, அதற்குள் அவள் கடிதத்தை மடித்துப் பையில் போட்டு எழுந்துவிட்டாள்.

“அதோட வெளிய போனா, திரும்பி உள்ள வரத் தேவல்ல!” முஸம்மிலின் குரல்.

அக்கா கதிரையிலிருந்து பாதி எழுந்தார். “எங்க மகள் போற?”

“தபால் கந்தோருக்கு. நீங்க எந்திரிக்காதீங்கக்கா.”

படியிறங்கிப் போய்விட்டாள். நாளைக்கு அந்தக் கதிரையில் யார் என்பதை இனி நீங்கள்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும்: அக்காவை அதிலிருந்து எழுப்புவதாக இருந்தால், உங்கள் பெயரையும் போட்டு, எழுத்தில் தாருங்கள்.